கனடாவில் பிள்ளைகளிடம் போய்வர: யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கான விசா வழிகாட்டி

ரொறன்ரோவில் இருக்கிற பிள்ளை "இந்த முறை அம்மாவையும் அப்பாவையும் எடுப்பம்" என்று சொன்ன உடனே இங்கே எல்லாரும் வங்கிப் புத்தகத்தைத்தான் தேடுவார்கள். முதலில் தேட வேண்டியது பிறப்புச் சான்றிதழை. காசு போதாமல் போவதை விட, ஒரு தாளில் இருக்கிற பெயரும் திகதியும் இன்னொரு தாளோடு ஒத்துப்போகாததுதான் எங்கள் பக்க விண்ணப்பங்களுக்குப் பெரிய தலையிடி. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, தொலைத்து, மறுபடி எடுத்த பத்திரங்கள் அவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் கையால் எழுதப்பட்டது. விசா அதிகாரிக்கு அந்தக் கதை தெரியாது. அவருக்குத் தெரிவது முன்னால் இருக்கிற தாள்கள் மட்டும்.

எந்த விசா என்று முதலில் முடிவெடுங்கள்

வழி இரண்டு. ஒன்று சாதாரண வருகையாளர் விசா. மற்றது பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்கும் மட்டுமான சுப்பர் விசா. சாதாரண விசாவில் ஒரு தடவைக்கு வழமையாக 6 மாதம் நிற்கலாம். சுப்பர் விசாவில், 2022 யூலையிலிருந்து, ஒரு தடவைக்கு 5 வருடம் வரை நிற்க முடியும். இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 100 கனடிய டொலர், கைரேகைக்கு 85 டொலர். அம்மா அப்பா இருவருக்கும் சேர்த்து 370 டொலர்.

கலியாண வீடு, பட்டமளிப்பு, பேரப்பிள்ளையின் சாமத்திய வீடு என்று இரண்டு மூன்று மாதத்தில் முடிகிற பயணத்துக்குச் சாதாரண விசாவே போதும். குளிர்காலம் தாண்டி வருடக்கணக்கில் நிற்கும் எண்ணம் இருந்தால், அழைக்கிற பிள்ளையின் வருமானமும் காணுமென்றால், சுப்பர் விசா. சுப்பர் விசாவுக்கு அழைப்பவர் மகனோ மகளோ பேரப்பிள்ளையோவாக இருக்க வேண்டும். அவர் கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவராக இருக்க வேண்டும். தம்பி அண்ணனை இதில் எடுக்க முடியாது. கலியாணம் கட்டாத தங்கச்சியையும் அம்மாவின் சுப்பர் விசாவோடு சேர்த்துக்கொள்ள முடியாது. அவருக்குத் தனியாகச் சாதாரண விசாதான்.

இன்னொன்று. விசாவில் இருக்கிற முடிவுத் திகதியும் நாட்டில் நிற்கக்கூடிய காலமும் ஒன்றல்ல. விசா 10 வருடம் வரை செல்லுபடியாகத் தரப்படலாம். ஆனால் அது கனடாவின் வாசலுக்குப் போகிற அனுமதி மட்டும். உள்ளே எத்தனை நாள் என்பதை விமான நிலையத்து எல்லை அதிகாரி தீர்மானிப்பார். விசாவின் காலம் கடவுச்சீட்டின் காலத்தைத் தாண்டவும் மாட்டாது. ஆகவே கடவுச்சீட்டில் ஒன்றிரண்டு வருடம்தான் மிச்சம் என்றால், புதியதை எடுத்துவிட்டு விண்ணப்பிப்பது இலாபம். பழையதை எறிந்துவிடாதீர்கள், அதன் தேவை பிறகு வரும்.

பெயர், திகதி, உறவு

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அம்மா, அப்பா, அழைக்கிற பிள்ளை மூவருடைய பெயரும் பிறந்த திகதியும் ஒவ்வொரு பத்திரத்திலும் எப்படி இருக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, விவாகப் பதிவு, வங்கிக் கணக்கு, காணி உறுதி. அம்மாவின் அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும். கடவுச்சீட்டில் கணவன் பெயர் நிற்கும். சிவசுப்பிரமணியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் வங்கி ஒரு விதமாகவும் பள்ளிக்கூடம் இன்னொரு விதமாகவும் எழுதியிருக்கும். எழுத்துக்கூட்டல் வித்தியாசமென்றால் சமாதான நீதவான் முன்னிலையில் "இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன" என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். திகதியே வேறென்றால் சத்தியக்கடதாசியோடு விடாமல், எது சரி, மற்றது ஏன் பிழைத்தது என்று ஒரு பக்கக் கடிதமும் தேவை.

உறவை நிரூபிக்கிற தாள் பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ் அல்ல. பிள்ளையினுடையதுதான், அதில்தான் தாய் தகப்பன் பெயர் இருக்கிறது. தமிழிலுள்ள எல்லாவற்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்க வேண்டும். கொடுக்கும்போதே எல்லாருடைய கடவுச்சீட்டுப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, பெயர்களை அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அவர் காதில் கேட்டபடி எழுதுவார். புதிதாக இன்னொரு எழுத்துக்கூட்டல் பிறக்கும். மொழிபெயர்ப்பைத் தனியே ஏற்றாமல் தமிழ் மூலத்தின் பிரதியோடு சேர்த்தே ஏற்றுங்கள். பதிவேடு அழிந்து பிறப்புப் பதிவே கிடைக்காதவர்கள் பிரதேச செயலகத்தில் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு நாள் எடுக்கும், கடைசிக் கிழமைக்கு வைக்க வேண்டாம்.

பலரும் யோசிக்காத இடம் ஒன்று உண்டு. பிள்ளை அந்தக் காலத்தில் கனடா போய் இறங்கியபோது கொடுத்த படிவத்தில் தாய் தகப்பன், சகோதரங்களின் பெயரும் பிறந்த திகதியும் கேட்டிருப்பார்கள். அவர் ஞாபகத்தில் இருந்ததைச் சொல்லியிருப்பார். அது இன்றும் அங்கே கோப்பில் இருக்கிறது. அதன் பிரதி பிள்ளையிடம் இருந்தால் எடுத்து ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் கனடாவின் தகவல் அறியும் முறையில் கோரிக்கை போட்டு எடுக்கலாம். வித்தியாசம் இருந்தால் விளக்கம் எழுதுங்கள். அந்தப் பிழையான திகதிக்கு ஏற்றபடி இங்கே பத்திரத்தைத் திருத்த நினைப்பது, தீர்ந்துபோகிற சின்னச் சிக்கலைத் தீராத பெரிய சிக்கலாக்கும் வேலை. பொய்த் தகவலோ பொய்ப் பத்திரமோ பிடிபட்டால் 5 வருடத்துக்குக் கனடாப் பக்கம் போக முடியாது.

திரும்பி வருவார்கள் என்பதைக் காட்டுவது

அதிகாரியின் மனதில் இருக்கிற பெரிய கேள்வி இது. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில், பெரிய வீட்டில் இரண்டு பேர் மட்டும் என்ற நிலை யாழ்ப்பாணத்தில் வழமை. ஆனால் தாளில் பார்க்கிறவருக்கு "இவர்கள் ஏன் திரும்பப் போகிறார்கள்?" என்றுதான் தோன்றும். அதற்குப் பதில் உங்கள் அன்றாட வாழ்க்கையிலேயே இருக்கிறது; அதைத் தாளாக்குவதுதான் வேலை.

ஓய்வூதியம் எடுப்பவர்கள் ஓய்வூதியப் பத்திரத்தையும் அது விழுகிற வங்கிக் கணக்கின் கூற்றையும் வைத்தால் போதும், பலமான சான்று அது. தோட்டம் செய்பவர்களுக்குச் சம்பளச் சீட்டு இல்லை. கமநல சேவை நிலையத்திலோ கமக்காரர் அமைப்பிலோ எத்தனை பரப்பு, என்ன பயிர் என்று குறிப்பிட்ட கடிதம் எடுங்கள். வெங்காயமோ புகையிலையோ விற்ற சிட்டைகள் இருந்தால் சேருங்கள். காணியைக் குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகை ஒப்பந்தம். கடற்றொழில் என்றால் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதமும் படகின் பதிவும். கடை வைத்திருப்பவர்களுக்கு வியாபாரப் பதிவும் உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரமும். கோயில் தர்மகர்த்தா சபையிலோ சனசமூக நிலையத்திலோ பொறுப்பில் இருந்தால் அந்தக் கடிதத்தையும் வைக்கலாம். அது தனியே நின்று விசா எடுத்துத் தராது, ஆனால் வாழ்கிற ஆளைக் காட்டும்.

காணி உறுதியைக் கட்டுக்கட்டாக மொழிபெயர்க்கத் தேவையில்லை. நீங்கள் குடியிருக்கிற வீடும் வருமானம் தருகிற காணியும் போதும். ஐம்பது பக்கம் உறுதி ஏற்றினால் அதிகாரி வாசிக்கப் போவதில்லை. முக்கியமான தாள் அதற்குள் புதைந்துவிடும்.

வங்கிக் கூற்று கடைசி 6 மாதத்துக்கு. இதில் எல்லாரும் செய்கிற வேலை, விண்ணப்பிக்கும் கிழமையில் பிள்ளை அனுப்பிய காசையோ மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கியதையோ மொத்தமாகக் கணக்கில் போடுவது. நாற்பதாயிரம் ரூபா ஓடிக்கொண்டிருந்த கணக்கில் திடீரென இருபது இலட்சம் விழுந்தால், அது உங்கள் காசு அல்ல என்று கூற்றே சொல்லிக் கொடுத்துவிடும். செலவைப் பிள்ளைதான் பார்க்கிறார் என்றால் அதை நேரே எழுதுங்கள். பெற்றோர் பணக்காரராகத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. மாதாமாதம் பிள்ளை அனுப்புகிற காசு கூற்றில் தெரிந்தால் "வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்புவது" என்று ஒரு குறிப்பும் வையுங்கள்.

பழைய கடவுச்சீட்டுக்கு இங்கேதான் வேலை. சிதம்பரம், திருச்செந்தூர் யாத்திரை போய் வந்த முத்திரைகள், சிங்கப்பூரில் மூத்த மகளிடம் போய் நேரத்துக்குத் திரும்பிய முத்திரைகள் எல்லாம் "போனால் திரும்பி வருகிறவர்" என்பதற்குச் சாட்சி. முத்திரை உள்ள எல்லாப் பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள்.

கனடாவிலிருந்து வர வேண்டியவை

அழைப்புக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: பெற்றோரின் முழுப்பெயர், பிறந்த திகதி, விலாசம், தொலைபேசி, உறவு, பயணத்தின் நோக்கம், எந்தத் திகதியிலிருந்து எதுவரை, எங்கே தங்குவார்கள், செலவு யாருடையது. அழைப்பவரின் பெயர், பிறந்த திகதி, விலாசம், தொழில், வதிவிட நிலை, வீட்டில் இருக்கிறவர்களின் விபரமும் வேண்டும். கூடவே குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட அட்டையின் பிரதி.

"மகள் வேலைக்குத் திரும்புவதால் குழந்தையைப் பராமரிக்க அம்மா தேவை" என்று எழுதுகிற கடிதங்கள் உண்டு. அதை எழுதாதீர்கள். வருகையாளர் விசாவில் வேலை செய்ய முடியாது. அந்த வசனம் குழந்தை பார்க்கிற வேலைக்கு ஆள் எடுப்பதுபோலத் தெரியும். பேரப்பிள்ளையோடு இருந்துவிட்டு வரப் போகிறார்கள் என்றால் அப்படியே எழுதலாம்.

சுப்பர் விசாவுக்கு மேலதிகமாக மூன்று. ஒன்று, தங்கும் காலம் முழுவதும் செலவைப் பொறுப்பேற்கும் வாக்குறுதி கடிதத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு, வருமானச் சான்று: நோட்டீஸ் ஒஃப் அசெஸ்மென்ற் (கனடிய வரித் திணைக்களம் தருகிற வருடாந்த வரிக் கணிப்புக் கடிதம்), ரீ4 (வேலை கொடுப்பவர் தருகிற வருடாந்தச் சம்பளச் சான்று), அண்மைய சம்பளச் சீட்டுகள். குறைந்தபட்ச வருமானம் எவ்வளவு என்பது ஆட்களின் தொகையைப் பொறுத்தது. பிள்ளையின் வீட்டார் நால்வர் என்றால், வரப்போகிற பெற்றோரையும் சேர்த்து ஆறு பேருக்கான அளவைப் பார்க்க வேண்டும். இதை நால்வருக்கே பார்த்துவிட்டு மறுப்பு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் வருமானம் காணாவிட்டால் அவருடைய துணை சேர்ந்து கையெழுத்திடலாம். அந்த அளவு வருடாவருடம் மாறும். விண்ணப்பிக்கிற நாளில் கனடா குடிவரவுத் திணைக்களத்தின் பக்கத்தில் பாருங்கள்.

மூன்றாவது காப்புறுதி. இதைச் சும்மா வாங்கிப் போட்டுவிட முடியாது. குறைந்தது 100,000 டொலருக்கு, உள்நுழையும் நாளிலிருந்து ஒரு வருடத்துக்கு, வைத்தியசாலைச் செலவும் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அடங்கியதாக இருக்க வேண்டும். மேற்கோள் விலைத்தாள் மட்டும் செல்லாது. முழுக்கவோ தவணையாகவோ காசு கட்டிய சான்று வேண்டும். எங்கள் ஆட்களில் அனேகமானோருக்குச் சீனி வருத்தமோ பிறஷரோ உண்டு. ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பொறுப்பேற்கிற காப்புறுதிகளில், புறப்படுவதற்கு முந்திய இத்தனை நாள் நோயும் மருந்தும் கூடிக்குறையாமல் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். 90 நாள், 180 நாள் என்று திட்டத்துக்குத் திட்டம் மாறும். பயணத்துக்கு முதல் கிழமை கிளினிக்கில் பிறஷர்க் குளிசையைக் கூட்டினாலே அந்த நிபந்தனை உடையலாம். பிறகு அங்கே நெஞ்சுநோ என்று போய்ப் படுத்தால் பில் பிள்ளையின் தலையில். ஆகவே அப்பா அம்மாவின் குளிசைப் பட்டியலை உள்ளது உள்ளபடி முகவரிடம் கொடுத்து, எது அடங்கும், எது அடங்காது என்று எழுத்தில் கேட்டுவிட்டே வாங்குங்கள். விசா மறுக்கப்பட்டால் காசு திரும்புமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு வையுங்கள்.

ஒன்லைனில் நிரப்பும்போது

கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கடவுச்சொல்லோடு திறவுங்கள். ஏஜென்சிக்காரரின் மின்னஞ்சலில் திறந்தால் திணைக்களம் அனுப்புகிற கடிதம் எல்லாம் அவருக்குத்தான் போகும். காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிக்கச் சட்டப்படி உரிமை உள்ளவர்கள் கனடாவில் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரும் சட்டத்தரணியும் சட்ட உதவியாளரும் (பரலீகல்) கியூபெக் மாகாண நொத்தாரிசும்தான். அப்படி ஒருவர் செய்தால் ஐ.எம்.எம். 5476 என்ற பிரதிநிதிப் படிவத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும். "என்ர பெயர் வேண்டாம், நீங்களே போட்டதெண்டு இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். அவர் என்ன எழுதினாலும் பொறுப்பு கையெழுத்திட்ட உங்களுக்கே.

பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுங்கள். குடும்பப் பெயர் கட்டம் கடவுச்சீட்டில் வெறுமையாக இருந்தால், இருக்கிற பெயரைப் படிவத்தின் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு மற்றதை வெறுமையாக விட வேண்டும்.

"எந்த நாடாவது விசா மறுத்ததா?" என்ற கேள்விக்கு, பதினைந்து வருடத்துக்கு முதல் லண்டன் மறுத்ததையும் எழுதத்தான் வேண்டும். கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. மறுப்பு இருந்தது குற்றமல்ல, மறைத்தால்தான் வினை.

குடும்ப விபரப் படிவத்தில் எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டும்: கதை பேச்சில்லாத பிள்ளை, இறந்துபோன பிள்ளை உட்பட. ஆயுதக் குழுக்கள், அரசியல் அமைப்புகள், பொலிஸ், இராணுவம் பற்றிய கேள்விகளும் வரும். தடுப்புக்காவல், புனர்வாழ்வு போன்ற கடந்தகாலம் உள்ளவர்கள் நிரப்புவதற்கு முதலே கனடாவில் உரிமம் உள்ள சட்டத்தரணி ஒருவரிடம் பேசுங்கள். இது அயலட்டைக்காரரின் யோசனையில் நடக்கிற விடயம் அல்ல.

ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோப்புத்தான் ஏற்றலாம். ஆகவே ஒரே வகைத் தாள்களை ஒரு பி.டி.எஃப் ஆக்குங்கள், முதல் பக்கத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று நாலு வரி. கைபேசியில் எடுத்த சரிந்த படம் வேண்டாம், முத்திரை வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கைரேகையும் மருத்துவமும்

கட்டணம் கட்டியதும் கைரேகைக்கான கடிதம் கணக்குக்கு வரும். அதிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 80 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கைரேகை தேவையில்லை. முந்திய விண்ணப்பத்துக்குக் கொடுத்தவர்களுக்கு அது 10 வருடம் செல்லும். கொழும்பில் உள்ள வி.எஃப்.எஸ். (கனடாவுக்காகக் கைரேகை எடுக்கிற நிறுவனம்) நிலையத்துக்கு நேரம் பதிந்துகொண்டே போங்கள், இருவருக்கும் ஒரே நாளில். கடவுச்சீட்டும் கோடுபோட்ட குறியீடு உள்ள அந்தக் கடிதத்தின் அச்சுப் பிரதியும் கட்டாயம். இரவு பஸ்ஸில் போகிறவர்கள் காலை எட்டு மணிக்கு நேரம் எடுக்காதீர்கள். மண்வேலை செய்து ரேகை தேய்ந்த விரல்களைத் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்வார்கள், பதற்றப்பட ஒன்றுமில்லை.

சுப்பர் விசாவுக்கு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. குடும்ப வைத்தியரின் கடிதம் செல்லாது. கனடா அங்கீகரித்த பட்டியலில் உள்ள வைத்தியரிடம்தான் செய்ய வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். அந்தக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கே ஆறு முதல் எட்டுக் கிழமை போகும். முன்பு வைத்தியம் செய்த துண்டும் பழைய எக்ஸ்ரேயும் இருந்தால் கொண்டுபோங்கள்.

சம்மதம் வந்தால் கடவுச்சீட்டை அனுப்பச் சொல்லிக் கடிதம் வரும். விசாவோடு கடவுச்சீட்டைக் கையில் வாங்கும்வரை ரிக்கற் எடுக்க வேண்டாம்.

மறுப்பு வந்தால்

மேன்முறையீடு கிடையாது. சமஷ்டி நீதிமன்றத்துக்கு 60 நாளுக்குள் போகலாம், ஆனால் அது செலவுள்ள வழி. அனேகமானோருக்குச் சரியானது மறுபடி விண்ணப்பிப்பது. மறுநாளே அதே தாள்களோடு போட்டால் அதே பதில்தான். மறுப்புக் கடிதத்தில் பொதுவான வசனம் மட்டும் இருக்கலாம். அதிகாரி உண்மையில் என்ன எழுதினார் என்பதைப் பெற்றோரின் சம்மதப் படிவத்தோடு கனடாவிலுள்ள பிள்ளை 5 டொலர் கட்டிக் கோரிப் பெறலாம். அதை வாசித்து, அவர் காணாத தாளைச் சேர்த்து, பிறகு போடுங்கள்.

பயணமும் வாசலும்

டோகா, டுபாய் வழியாக ஒரே ரிக்கற்றில் போவது முதியவர்களுக்குச் சுகம். பலாலியிலிருந்து சென்னை போய் அங்கிருந்து வேறு ரிக்கற் என்றால், பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க இந்தியாவுக்குள் நுழைய வேண்டிவரும். அதற்கு இந்திய விசா வேண்டும். நடக்கக் கஷ்டப்படுபவர்களுக்கு ரிக்கற் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: அழைப்புக் கடிதம், காப்புறுதிப் பத்திரம், சுப்பர் விசா கிடைத்தபோது திணைக்களம் தந்த கடிதம், பிள்ளையின் தொலைபேசி இலக்கம், குளிசைகளும் துண்டும். பெரிய பெட்டிக்குள் போட்டால் அதிகாரி கேட்கும்போது காட்ட முடியாது. மிளகாய்த்தூள், ஒடியல், பனங்கட்டி, கருவாடு எது கொண்டுபோனாலும் உணவு இருக்கிறது என்று அறிவியுங்கள். அறிவித்தால் ஆகக்கூடினால் பொருளைத்தான் எடுப்பார்கள், மறைத்தால் தண்டம். மாம்பழம், முருங்கைக்காய், இறைச்சி வேண்டாம். 10,000 டொலரோ அதற்கு மேலோ காசாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

சுப்பர் விசாவில் போகிறவர்கள் ஒரு விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அதிகாரி திகதி எழுதாமல் விட்டால் அனுமதி 6 மாதம் என்றே கணக்கு. சுப்பர் விசாக் கடிதத்தைக் காட்டி, எதுவரை நிற்கலாம் என்று எழுதித் தரும்படி கேளுங்கள். ஆங்கிலம் வராதவர்கள் இதை ஒரு துண்டில் எழுதுவித்துக் கொண்டுபோய் நீட்டலாம். சாதாரண விசாவில் போனவர்கள் கூடுதல் நாள் நிற்க விரும்பினால், முடிவதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முதல் நீடிப்புக் கேட்க வேண்டும்.

ஓய்வூதியக்காரர் வருடாந்த உயிர்வாழ் சான்றிதழை மறக்கக் கூடாது. நீண்ட காலம் நிற்பதானால் போக முதல் பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் இதைப் பற்றிக் கேட்கலாம். ஊருக்கு நேரத்துக்கு முதல் திரும்பினால், இழப்பீடு ஏதும் எடுத்திராவிட்டால், மிச்ச மாதத்துக் காப்புறுதிக் காசைத் திருப்பித் தருகிற திட்டங்கள் உண்டு. அதற்குத் திரும்பி வந்த பயணத்தின் போர்டிங் பாஸும் கடவுச்சீட்டு முத்திரையின் படமும் கேட்பார்கள்.